நூலகம்: வாசகர் கேள்வி – பதில்
தொலைந்த நூலுக்கு யார் பொறுப்பு?

நூலகங்களின் வருங்காலம் குறித்தும், நூலகர்கள் பணியிடத்தில் படும் இடர்கள் குறித்தும் எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நூலகர்களே எழுதியவை. அவர்களில் பலர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இம்முறை எல்லாக் கடிதங்களையும் ஊர்ப் பெயரோடு மட்டுமே வெளியிடுகிறோம். மதுரையில் 32 ஆண்டுகள் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய நூலகத்தில் தனி ஆளாக வேலை பார்க்கிறேன். இந்த ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் 43 நூல்கள் குறைந்தன. அவற்றின் விலையை என் சம்பளத்தில் பிடிக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து நல்ல நூல்களையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். படிக்க வரும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் உறுத்துகிறது. நான் செய்வது சரியா? (உசிலம்பட்டி வட்டாரம்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னுடைய இரண்டாம் ஆண்டுப் பணி நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டுச் சரிபார்ப்பில் 61 நூல்கள் குறைந்தன. நிர்வாகம் அவற்றின் விலையைப் பத்துத் தவணையாக என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. நானும் உங்களைப் போலவே விலை கூடிய நூல்களைக் கண்ணாடிக் கதவு போட்ட பீரோக்களில் அடுக்கிப் பூட்டி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒரு நாள் பிற்பகல், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து படித்த முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று நூல்களின் முதுகில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். "எந்த நூல் வேண்டுமோ பெயரை எழுதிக் கொடு, எடுத்துத் தருகிறேன்" என்றேன். "பெயர் தெரிந்தால் கேட்டிருப்பேனே அம்மா, கையில் எடுத்துப் பார்த்தால்தானே எது வேண்டும் என்று தெரியும்?" என்றான். அவனுடைய வீட்டில் கல்லூரிப் படிகளை மிதித்த முதல் ஆள் அவன். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். இரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் முதல் விதியே 'நூல்கள் பயன்பாட்டிற்கே' என்பதாகும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை அந்த விதியை விளக்கும் இடத்தில் அவர் எடுத்துக்காட்டுகிறார். சம்பளப் பிடித்தம் என்ற அச்சம் நம்முடைய நூலகங்களில் அந்தச் சங்கிலியின் வேலையைச் செய்துவருகிறது என்பதே என் கருத்து. ஆகவே உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்டியது உங்கள் கைதான் என்றாலும், பூட்ட வைத்தது வேறொன்று.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி நூலகங்களைப் பற்றியது. ஓராண்டில் வாசகர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றவையும் நூலகத்திலேயே எடுத்துப் படித்தவையுமாக ஒவ்வோர் 1000 நூலுக்கும் 5 நூல்கள் வரை குறைவது இயல்பான இழப்பே என்றும், நேர்மையின்மையாலோ அசட்டையாலோ நேராதவரை அதை ஏற்றுக்கொள்ளலாம் என்றும் அது சொல்கிறது. 1000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் காணாமற்போனால் விலக்கின்றி விசாரிக்க வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. இது ஒன்றிய அரசின் அலுவலகங்களுக்கான விதி. உங்கள் நிர்வாகத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும் அரசே இப்படி ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது என்று எழுத்தில் எடுத்துக்காட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை. 'எந்த விதியின் கீழ் என் சம்பளத்தில் பிடிக்கிறீர்கள், அந்த விதியின் படியைத் தாருங்கள்' என்று பணிவாக எழுதிக் கேளுங்கள். வாய்மொழியாக மட்டும் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

அந்த விதியில் 'நூலகத்திலேயே எடுத்துப் படித்தவை' என்று ஒரு சொல் இருப்பதைக் கவனியுங்கள். நம்மில் பெரும்பாலோர் வீட்டுக்கு வழங்கிய நூல்களுக்கு மட்டுமே கணக்கு வைக்கிறோம். நாளொன்றுக்கு 20 நூல்கள் வழங்கி, ஆண்டுக்கு 280 நாட்கள் நூலகம் திறந்திருந்தால் கணக்கில் 5,600 நூல்கள் வரும். அதற்கு அனுமதிக்கத்தக்க இழப்பு 28. உங்கள் 43 அதைத் தாண்டிவிடுகிறது. அதே நூலகத்தில் நாள்தோறும் மேசையிலேயே 25 நூல்கள் புரட்டப்படுகின்றன என்று எழுதி வைத்திருந்தால் மொத்தம் 12,600 ஆகும். அனுமதிக்கத்தக்க இழப்பு 63 ஆகும். உங்கள் 43 அதற்குள் அடங்கிவிடும். நூலகம் ஒன்றுதான், வாசகர்களும் அவர்களேதான். எழுதி வைத்தது மட்டுமே வேறு. ஆகவே நாளை முதல், படித்த நூல்களை அலமாரியில் திரும்ப வைக்க வேண்டாம், மேசையிலேயே விட்டுச் செல்லுங்கள் என்று ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள். மாலையில் அவற்றை எண்ணி, நாட்குறிப்பில் எழுதிவிட்டு அடுக்குங்கள். கால் மணி நேர வேலைதான். வாசகர் எண்ணிக்கை குறைந்தால் நூலகத்தை மூடிவிடலாம் என்று பேசுகிறவர்களுக்கும் இந்தப் பதிவேடே மறுமொழி சொல்லும்.

அலமாரிகளுக்குப் பின்புறமும் ஒரு முறை பாருங்கள். வெள்ளையடிப்பதற்காக எங்கள் நூலகத்தில் அடுக்குகளை நகர்த்தியபோது, என் 61 நூல்களில் 9 நூல்கள் சுவருக்கும் இரும்பு அடுக்குக்கும் நடுவே ஒட்டடை படிந்து நின்றன. மேலும் சில, தவறான வகை எண்ணில் மாறிக் கிடந்தன. பிடித்த பணம் எனக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் அன்றைக்கே பீரோக்களைத் திறந்துவிட்டேன். அதன் பிறகு அவற்றைப் பூட்டவே இல்லை. அரிய நூல்கள் ஒரு தட்டு இருந்தால் அதை மட்டும் பூட்டுங்கள், மற்றவற்றைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: கட்டுரைக்காகச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நூற்பட்டியல் கேட்டேன். அதில் இருந்த ஆறு நூல்களில் மூன்று உலகத்திலேயே இல்லை என்று எங்கள் நூலகர் சொல்லிவிட்டார். கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கும் காலத்தில் இனி நூலகர் எதற்கு என்று நினைத்திருந்தேன். இப்போது குழப்பமாக இருக்கிறது. (திருப்பாலை, முதுகலை மாணவி)

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது, மகளே. அந்தச் செயலிகள் நூற்பட்டியலைத் தேடி எடுத்துத் தருவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அவை, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியத்தைக் கோப்பவை. அதனால் உண்மையான ஓர் ஆசிரியரின் பெயரோடு, அவர் எழுதாத ஒரு நூலின் பெயரைப் பொருத்தமாகச் சேர்த்துவிடுகின்றன. படிப்பவருக்குச் சந்தேகமே வராது. தமிழில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் நம்முடைய பழைய இதழ்கள், தலபுராணப் பதிப்புகள், ஊர் வரலாறுகள், சிற்றூர் அச்சகங்களில் வெளியான வெளியீடுகள் எனப் பெரும்பகுதி இன்னும் இணையத்தில் தேடக்கூடிய எழுத்தாக ஏறவில்லை.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள் பல, பக்கம் பக்கமாக ஒளிவருடப்பட்டுக் கிடைக்கின்றன. செயலி ஒரு நூலைச் சொன்னால், அங்கேயும் உங்கள் கல்லூரி நூலகப் பட்டியலிலும் முதலில் தேடுங்கள். பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகிய மூன்றும் கிடைக்காத ஒன்றைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள். உங்கள் நூலகர் அந்த மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்துத்தான் 'இல்லை' என்று சொல்லியிருப்பார். ஒரு நூல் இருக்கிறது என்று காட்டுவது எளிது. இல்லை என்று உறுதிப்படுத்துவதற்குப் பல பட்டியல்களைத் துழாவ வேண்டும். அந்த உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவரைப் பார்த்தால் ஒரு நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் கண்ணைப் பறிக்கிறது. எங்கள் பகுதிக் கிளை நூலகத்திலோ மழை பெய்தால் வாளி வைக்கிறார்கள். இனிப் பெரிய நூலகங்கள்தாம் நிற்குமா? (ஆரப்பாளையம்)

பதில்: 2023 ஜூலை 15ஆம் நாள் திறக்கப்பட்ட அந்த நூலகம், 2 இலட்சம் சதுர அடிக்கு மேல் பரப்புடையது, குழந்தைகளுக்கும் பார்வைத்திறன் இழந்தோருக்கும் தனிப் பிரிவுகள் கொண்டது. மதுரைக்கு அப்படி ஒன்று கிடைத்ததில் எனக்கு மெய்யான மகிழ்ச்சி. முதல் மாதத்தில் நான் போனபோது, சிறுவர் பிரிவில் ஒரு பாட்டி தரையில் உட்கார்ந்து பேத்திக்குக் கதை படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதைக் கண்டு கண் கலங்கிவிட்டேன். ஆனால் எழுமலையிலோ பேரையூரிலோ இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பள்ளி விட்டு அங்கே வர முடியாது. அந்தப் பிள்ளைக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பதுதான் நூலகம்.

ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. அந்தச் சட்டத்தின் வழியாக இன்றும் நாம் செலுத்தும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் கட்டுகிறோம். உங்கள் கிளை நூலகம் யாரோ மனமிரங்கிக் கொடுத்தது அன்று; உங்கள் பணத்தில் நடப்பது. ஆகவே கூரை ஒழுகுகிறது என்றால், வாசகர் வட்டத்தைக் கூட்டி, ஒழுகும் இடத்தைப் படம் பிடித்து, நனைந்த நூல்களின் பட்டியலோடு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு மனு கொடுங்கள். நூலகர் எழுதும் கடிதம் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளக்கூடும்; வரி கட்டும் ஐம்பது பேர் கையெழுத்திட்ட மனுவை அப்படி எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே வந்து எல்லா இருக்கைகளையும் பிடித்துக்கொள்கிறார்கள். நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். இளைஞர்கள் நம் நூல் எதையும் எடுப்பதுமில்லை. என்ன செய்வது? (மேலூர், கிளை நூலகர்)

பதில்: அவர்கள் வீட்டில் மேசை இல்லை, மின்விசிறி இல்லை, அமைதி இல்லை, அதனால்தான் வருகிறார்கள் தம்பி. சொந்த நூலைக் கொண்டுவந்து படித்தாலும் அவர்கள் உங்கள் வாசகர்களே. வாசலுக்கு அருகில் நாலு நாற்காலியும் ஒரு மேசையும் நாளிதழுக்கென்று ஒதுக்கி, காலை பத்து மணி வரை வேறு யாரும் அமரக் கூடாது என்று எழுதி வையுங்கள். அந்த இளைஞர்களில் இருவரை அழைத்து, அடுக்குவதற்கும் நாளிதழ்களைக் கோப்பதற்கும் உதவி கேளுங்கள்; தனி ஆளாக நிற்கும் உங்களுக்கு அது பெரிய துணை. உங்கள் கடிதத்தின் ஓரத்தில், கழிப்பறை இல்லாததால் மாணவிகள் நண்பகலுக்கு மேல் தங்குவதில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை ஓரத்தில் எழுதியிருக்கக் கூடாது. நாற்காலிச் சண்டையைவிட அதுதான் பெரிய குறை. பெண் நூலகர்கள் பணிபுரியும் எத்தனையோ சிறு நூலகங்களில், பக்கத்து வீட்டாரின் தயவில் நாள் ஓடுகிறது. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்கும் மனுவில் அதை முதல் வரியாக எழுதுங்கள்.

கேள்வி: பழைய நூல் அடுக்கிலேயே பல ஆண்டுகளாக வேலை. ஓயாத தும்மல், இரவில் மூச்சிரைப்பு. (மதுரை, கல்லூரி நூலக உதவியாளர்)

பதில்: முதலில் மருத்துவரைப் பாருங்கள், இன்ன வேலை செய்கிறேன் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அடுக்குகளை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். அது தூசியை எழுப்பி உங்கள் மூக்குக்கே அனுப்புகிறது. உறிஞ்சும் இயந்திரமோ, இலேசாக ஈரம் தோய்த்துப் பிழிந்த துணியோ கொண்டு தட்டுகளை மட்டும் துடைத்து, முகக்கவசம் அணியுங்கள். நூல்களை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்காகப் பூட்டிய அறையில் அந்துருண்டைகளைக் குவிக்கும் வழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். அந்த ஆவி பூச்சிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் கேடு.

கேள்வி: நூலக அறிவியல் படிக்க ஆசை. வீட்டில் 'அதற்கு எதிர்காலம் ஏது' என்கிறார்கள். (திருமங்கலம், இளங்கலை மாணவி)

பதில்: வீட்டார் கவலையில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நிலையான பணியிடங்கள் குறைவு. ஓய்வு பெறுகிறவர்களின் இடங்கள் உடனுக்குடன் நிரப்பப்படுவதில்லை. தனியார் பள்ளிகளில் நூலகராகச் சேருகிறவர்களை, ஆசிரியர் வராத வகுப்புக்கு அனுப்புகிறார்கள், தேர்வு மேற்பார்வைக்கு அனுப்புகிறார்கள், ஆண்டு விழா அழைப்பிதழுக்கு முகவரி எழுதச் சொல்கிறார்கள். கடைசியில் 'நூலகம் பூட்டியே கிடக்கிறதே' என்று அவர்களையே கேட்கிறார்கள். இதையெல்லாம் மறைத்து உங்களை உள்ளே அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் வேலை இல்லாமல் போய்விடும் என்பதை நான் ஏற்கவில்லை. ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்ச் செலவில், 30 பன்னாட்டுப் பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் திட்டம் அது. நேற்றுவரை பெரு நகர நிறுவனங்களுக்கு மட்டும் கிடைத்த இதழ்கள் இன்று ஒரு சிற்றூர் அரசுக் கல்லூரிக்கும் வருகின்றன. வந்தால் போதுமா? தமிழ்வழியில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வரும் மாணவன் அந்தக் கடலில் எங்கே இறங்குவது என்று தெரியாமல் கரையிலேயே நிற்பான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது, எதை விடுவது, எதை நம்பலாம் என்று காட்டித் தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் வரப்போகும் நூலகர்.

படிப்பில் சேர்ந்தால், பாடத்தோடு நிற்காமல், நூலகப் பட்டியலையும் நூல் வழங்கலையும் கணினியில் கையாளும் கோஹா மென்பொருளை உங்கள் கணினியில் நிறுவிப் பழகுங்கள். நியூசிலாந்தில் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக உருவாகி, 2000இல் பயன்பாட்டுக்கு வந்து, உலகம் முழுவதும் கட்டணமின்றிப் பரவிய மென்பொருள் அது. மாவோரி மொழியில் 'கோஹா' என்றால் அன்பளிப்பு என்று பொருள். தமிழ் நூல்களுக்குப் பட்டியல் செய்யும்போது, ஒரே ஆசிரியரின் பெயரை நாலு விதமாக எழுதிவிட்டால் நாலு ஆசிரியர்களாகப் பிரிந்துவிடுவார்கள். அதைச் சரிசெய்யத் தெரிந்த பட்டதாரிகளை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். கல்லூரிப் பணி வேண்டுமென்றால் தேசியத் தகுதித் தேர்வையோ (நெட்) மாநிலத் தகுதித் தேர்வையோ (செட்) முதுகலை முடிக்கும்போதே எழுதிவிடுங்கள்.

கேள்வி: தந்தையார் மறைந்துவிட்டார். அவர் சேர்த்த நானூறு நூல்களும் பழைய இதழ்க் கட்டுகளும் பரணில் இருக்கின்றன. நூலகத்தில் கேட்டால் 'இடமில்லை' என்கிறார்கள். எடைக்குப் போட மனம் இல்லை. (சோழவந்தான்)

பதில்: தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள், ஐயா. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா என்ற ஒரு மனிதர், பழைய நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூடத் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்தார். அவர் மறைந்த பின், 1994இல் அந்தச் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டுதான் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

'இடமில்லை' என்று சொன்ன நூலகரையும் கடிந்துகொள்ளாதீர்கள். பட்டியல் இல்லாமல் வந்து இறங்கும் மூட்டைகளைப் பிரித்து, தூசி தட்டி, ஏற்கெனவே உள்ளவற்றை ஒதுக்கிப் பதிவேட்டில் ஏற்ற, அவருக்குத் துணைக்கு ஆள் கிடையாது. அந்த வேலையில் பாதியை நீங்கள் செய்து கொடுத்துவிட்டால் அவர் முகமே மாறிவிடும். ஒரு நோட்டில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று எழுதுங்கள். 1950க்கு முன் அச்சானவை, இதழ்க் கட்டுகள், உங்கள் தந்தையார் ஓரங்களில் குறிப்பெழுதிய நூல்கள் ஆகியவற்றைத் தனியே வையுங்கள். அந்தப் பட்டியலை மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் அனுப்பி, எவை வேண்டும் என்று கேளுங்கள். பாண்டித்துரைத் தேவர் 1901இல் சங்கத்தை நிறுவியபோதே அதனோடு ஒரு நூலகத்தையும் அமைத்தவர். எஞ்சிய கதை நூல்களும் பொது நூல்களும் உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் போகட்டும்.

இதழ்க் கட்டுகளைச் சணலால் இறுக்கிக் கட்டாதீர்கள், ஓரம் அறுந்துவிடும். அகலமான பருத்தி நாடா போதும். பரணிலிருந்து இறக்கியதும் நேர் வெயிலில் காய வைக்காமல், காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் பரப்பி வைத்து, பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சிறிய அட்டைப்பெட்டிகளில் அடுக்குங்கள். பெரிய பெட்டி வேண்டாம், தூக்குகிறவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.